மூன்றாம் பெட்டிக்குக் காய்ச்சல்

தலைவர் ஒரு பக்கம் இழுத்தார். ரேடியோ மறுபக்கம் இழுத்தான். நடுவில் அகப்பட்ட பிளாஸ்டிக் கூடை, பங்காளிச் சண்டையில் சிக்கிய நிலம் மாதிரி இரண்டு பக்கமும் இழுபட்டது.

"விடுப்பா. மூணு மணிக்கு அதிகாரி வர்றாரு. அதுக்குள்ள இதெல்லாம் பின்வாசல் வழியா போயாகணும்."

"நான் விட்டா நீங்க மல்லாக்க விழுவீங்க தலைவரே. விழுந்தா எலும்பு டாக்டர்கிட்ட ஓடணும். அவரும் மூணு மணிக்குத்தான் வருவாரு. எதுக்கு வம்பு?"

கூட்டுறவு மளிகைக் கடையின் பின்கட்டு அது. மதிய இடைவேளைக்காக முன்பக்க ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சுவரோரம் வெங்காய மூட்டைகள், அரிசி மூட்டைகள். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட மூன்று குளிர்பெட்டிகள், நெற்றியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயின்ட் எண்களோடு நின்றன. மூன்றாம் பெட்டியின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சாக்கு மூடி உள்ளே அடுக்கியிருந்த கூடைகளைச் சங்கத் தலைவர் அப்படியே வெளியே தூக்கும்போதுதான் ரேடியோ கையும் கூடையுமாகப் பிடித்திருந்தான்.

"தம்பி, விடு," என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

விட்டான். தலைவர் மல்லாக்க விழவில்லை. நேராக அரிசி மூட்டை மேல் போய் உட்கார்ந்தார், கூடை மடியில்.

உள்ளே வந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஊர் அவருக்கு வைத்த பெயர் சல்லடை. எதைக் கொட்டினாலும் சலித்து, உமியைத் தனியாக, மணியைத் தனியாக வைத்துவிடுவார். ரேடியோ அவருடைய கொழுந்தன், முப்பது வயது. நிறுத்தும் பொத்தான் இல்லாததால் வந்த பெயர் அது.

"காலையில எங்களைக் கூப்பிட்டு, மொட்டைக் கடுதாசி எழுதினது யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க," என்றார் சல்லடை. "மத்தியானம் பெட்டியைக் காலி பண்றீங்க. நான் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது?"

"கடுதாசி எழுதின கறுப்பு ஆட்டைப் பிடிங்கம்மா. பெட்டியை எதுக்குப் பார்க்கணும்?"

"கடுதாசியே பெட்டியைப் பத்தித்தானே."

சல்லடை கூடை மேலிருந்த சாக்கை விலக்கினார். உள்ளே தண்ணீர் பாட்டில்கள். அடுத்த கூடையில் சோடா. அதற்கடுத்ததில் டப்பாவில் அடைத்த அன்னாசித் துண்டுகள்.

ரேடியோ ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "அண்ணி, தண்ணி கெட்டுப்போச்சுன்னு மறைக்கிற முதல் ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

தலைவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் இறங்கி, குழப்பம் ஏறியது. "பாலும் சீஸும் எங்க? இதுல எப்பவும் பாலும் சீஸும் கோழியும்தானே இருக்கும்?"

"நீங்க கடைசியா உள்ளே எட்டிப் பார்த்தது எப்போ?"

"நான் தலைவர்மா. எல்லா பெட்டியையும் தலைவர் எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?"

சல்லடை மூன்றாம் பெட்டியின் கதவைச் சாத்தினார். துணிப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன கடிதத்தின் நகல். இன்று சோதனைக்கு வருவதாகச் சொன்ன நோட்டீசோடு அதிகாரியே இணைத்து அனுப்பியிருந்தார். எழுதியவர் கையெழுத்தைக் காட்டவில்லை. கடையில் பொட்டலங்களில் ஒட்டும் ஸ்டிக்கரில் வரிவரியாக அச்சடித்து, காகிதத்தில் ஒட்டியிருந்தார்.

*மூன்றாம் பெட்டியை நம்ப வேண்டாம்.*

*செவ்வாய், காலை 7.10. ஒன்பது டிகிரி. பால், சீஸ், கோழி இடம் மாற்றப்பட்டன.*

*புதன், காலை 7.10. ஒன்பதரை டிகிரி. இரண்டு பாக்கெட் சீஸ் மறுபடி உள்ளே இருந்தது. அப்புறப்படுத்தப்பட்டது.*

*வெள்ளி, காலை 7.10. பத்து டிகிரி. சொல்லிப் பார்த்தாயிற்று. நேரில் வரவும்.*

"இதை முழுசாப் படிச்சீங்களா தலைவரே?"

"முதல் வரி போதும். ரத்தம் கொதிச்சிடுச்சு."

"ரத்தம் கொதிச்சுது, பெட்டிதான் குளிரலை போல," என்றான் ரேடியோ.

தலைவர் எழுந்து வேட்டி மண்ணைத் தட்டுவது போல முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நாங்க இருநூத்திப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்துற கடைம்மா இது. எல்லாரும் உறுப்பினர், எல்லாரும் முதலாளி. சொந்தக் கடை மேலயே ஒருத்தன் புகார் எழுதினா அவன் மனுஷனா? யாருன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம், உறுப்பினர் பதிவேட்டுல அந்தப் பேரை சிவப்பு மையில அடிப்பேன். பேனா சட்டைப்பையில ரெடியா இருக்கு."

"யார் மேல சந்தேகம்?"

"டிராயிங் மாஸ்டர். நான் ஆமான்னா இல்லேன்னுவாரு, இல்லேன்னா ஆமான்னுவாரு. கூட்டத்துல எனக்கு எதிரா பேசுறதுக்குன்னே ரிட்டயர் ஆனவரு."

முன்கட்டிலிருந்து காகிதங்கள் சரியும் சத்தம் கேட்டது.

பில் மேஜைக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது, தலைவரின் மருமகள், அவளும் ஓர் உறுப்பினர். இருநூற்றுப் பன்னிரண்டு முதலாளிகள் உள்ள கடையில் வேலை செய்ய என்று இருக்கும் ஒரே ஆள். வெப்பநிலைப் பதிவேட்டுத் தாள்களை அதிகாரிக்காக அடுக்கிக்கொண்டிருந்தவள் கை தவறிப் பாதியைத் தரையில் போட்டிருந்தாள்.

"அதிகாரி இந்தப் பதிவேட்டைத்தான் முதல்ல கேட்பாரு மேடம்," என்றாள், குனிந்து பொறுக்கியபடி. "பெட்டி அஞ்சு டிகிரிக்கு மேல போகக்கூடாது. தினம் மூணு வேளை பார்த்து எழுதணும். பொய்யா எழுதியிருக்குன்னு அவருக்குத் தோணிட்டா கடைக்கு சீல். என் மேனேஜர் சான்றிதழும் ரத்து. அப்புறம் நான் எந்தக் கடையிலயும் நிக்க முடியாது."

சல்லடை ஒரு தாளை எடுத்தார். முதல் பெட்டி: 4. இரண்டாம் பெட்டி: 4. மூன்றாம் பெட்டி: 4. காலை நாலு, மதியம் நாலு, இரவு நாலு. அடுத்த தாளும் அப்படியே. கடிதம் பத்து டிகிரி என்று சொன்ன வெள்ளிக்கிழமையிலும் நாலு.

"யாரு எழுதுறது?"

"உறுப்பினர்கள் முறை வெச்சு எழுதுவாங்க. ஒவ்வொரு நாளைக்கு ஒருத்தர். சங்க விதி அப்படி. நான் கீழ கையெழுத்து மட்டும் போடலாம்."

"வேற வேற கையெழுத்து, வேற வேற பேனா," என்று முணுமுணுத்தார் சல்லடை. "ஆனா எல்லாருக்கும் ஒரே நாலு."

ரேடியோ எட்டிப் பார்த்தான். "இத்தனை பேர் ஒத்துமையா பொய் சொல்லியிருந்தா, இவங்களை ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பணும் அண்ணி."

மேனேஜர் சிரிக்கவில்லை. தலைவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாள்களைப் பார்த்தாள்.

"கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்றார் சல்லடை.

"எட்டுக்கு."

"கடுதாசியில மூணு நாளும் ஏழு பத்து. சாவி யார்கிட்ட?"

தலைவர் முந்திக்கொண்டார். "ரெண்டே சாவிதாம்மா. ரெண்டும் என் வீட்டு ஆணியிலதான் தொங்கும். யாரோ திருடியிருக்கணும்."

ரேடியோ சல்லடையின் காதருகே குனிந்தான். "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. எழுதினவரே தலைவர்தான். டிராயிங் மாஸ்டர் மேல பழியைப் போட்டு சிவப்பு மையில அடிக்கத் திட்டம். திருடனே போலீசுக்கு வழி காட்டுற கதை."

"பத்து டிகிரின்னு எழுதத் தெரிஞ்சவருக்கு, பெட்டிக்குள்ள தண்ணி பாட்டில் இருக்குன்னு தெரியலியே தம்பி."

ரேடியோ வாயை மூடினான். மூன்று விநாடி.

ஷட்டரின் அடியில் ஒரு வழுக்கைத் தலை நுழைந்தது. பின்னாலேயே ஒரு குடை, ஒரு புன்னகை. இன்றைக்கு முறைக்காரர் டிராயிங் மாஸ்டர்தான். மதிய வெப்பநிலை எடுக்க வந்திருந்தார்.

"தலைவரே, வயிறு தேவலையா?" என்றார் வந்ததும் வராததுமாக. "ரெண்டு நாளா பாத்ரூமே ஆபீசுன்னு கேள்விப்பட்டேன்."

"அது போன வாரம். திங்கட்கிழமையே சரியாப் போச்சு. ஓட்டல் சூப்பு செஞ்ச வேலை."

"சூப்பு மட்டும்தான் சாப்பிட்டீங்களா?" என்றார் சல்லடை.

"ராத்திரி பசிச்சுதுன்னு நம்ம கடை சீஸ் ரெண்டு துண்டு. அது சுத்தமான சரக்கு."

மேனேஜர் ஒரு தாளை மிகக் கவனமாக நேராக்கினாள்.

டிராயிங் மாஸ்டர் வேலையைத் தொடங்கினார். முதல் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கொக்கியில், நீண்ட முள்ளும் வட்ட முகமுமாக ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. எடுத்துப் பார்த்து, "நாலு," என்று எழுதினார். அதையே கையோடு கொண்டுபோய் இரண்டாம் பெட்டியைத் திறந்து உள்ளே நீட்டி, "நாலு." மூன்றாம் பெட்டி. நீட்டினார், எடுத்தார். "நாலு." திரும்ப முதல் பெட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். மொத்தமும் ஒரு தும்மல் தும்மும் நேரத்தில் முடிந்துவிட்டது.

சல்லடையின் கண்ணாடி மூக்கு நுனியிலிருந்து ஒரு அங்குலம் மேலே ஏறியது. அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்பதற்கு ரேடியோவுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அதுதான்.

"கடைக்கு எத்தனை தெர்மாமீட்டர் மாஸ்டர்?"

"ஒண்ணுதான். ஒரு குடும்பத்துக்கு எத்தனை வேணும்?"

"பெட்டிக் கதவுல ஒரு நோட்டீஸ் இருக்கே. 'ஒவ்வொரு பெட்டியிலும் பத்து நிமிடம் வைத்துப் பார்க்கவும்.'"

"மேனேஜர் கேட்டாங்கன்னு நான்தாங்க எழுதிக் கொடுத்தேன். எழுத்து அழகா இருக்கில்ல? எழுதச் சொன்னாங்க, எழுதினேன். படிக்கச் சொல்லலியே."

"பத்து நிமிஷம் நிக்கச் சொன்னா எல்லாரும் கோவிச்சுக்கிறாங்க மேடம்," என்றாள் மேனேஜர் மெதுவாக. "முதலாளிக்கே பாடம் எடுக்கறியான்னு கேட்கறாங்க."

ஷட்டர் கரகரவென்று முழுசாக மேலே போனது.

வெளியே ஒல்லியாக ஒருவர் நின்றார். கையில் தோல்பெட்டி, கக்கத்தில் கோப்பு. "உணவுப் பாதுகாப்பு அதிகாரி. மூணு மணின்னு எழுதியிருந்தேன். ரெண்டரைக்கே வந்துட்டேன். மூணு மணின்னு எழுதுறதே அதுக்குத்தான்."

தலைவர் கைகூப்பினார். டிராயிங் மாஸ்டர் குடையை விரித்து, மறுபடி மடக்கினார். ரேடியோ தண்ணீர்க் கூடைகளின் முன்னால் போய் நின்று, அவற்றுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல் விசிலடித்தான்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். ஒரு தாள். இன்னொரு தாள். பத்தாவது தாளில் நிறுத்தினார்.

"நாலு, நாலு, நாலு. நாலாம் வாய்ப்பாடுகூட எட்டு, பன்னிரண்டுன்னு மேலே போகும். இது போகலியே." தன்னுடைய தெர்மாமீட்டரை மூன்றாம் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்தக் கடையின் முதலாளிகள் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள்.

எடுத்துப் பார்த்தார். "பத்து. நீங்க எழுதினது நாலு. அதுவும் இப்பத்தான் எழுதியிருக்கீங்க, மைகூட இன்னும் காயலை." தோல்பெட்டியைத் திறந்தார். சீல் வைக்கும் காகிதச் சுருள் வெளியே வந்தது. "இது பொய்ப் பதிவேடு. மேனேஜர் யாரு? சான்றிதழைக் கொண்டு வாங்க."

மேனேஜர் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றப் போனாள். ஆணி விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, உன் டீ எங்க?" என்றார் சல்லடை.

"அண்ணி, ஊரே எரியும்போது டீயா?"

"கொண்டா."

ரேடியோ பிளாஸ்கிலிருந்து தனக்கென்று ஊற்றி வைத்திருந்த டீயை மனசில்லாமல் நீட்டினான். சல்லடை முதல் பெட்டியிலிருந்து கடைத் தெர்மாமீட்டரை எடுத்தார். முள்ளை நேராக டீக்குள் விட்டார்.

"அய்யோ, அது கோழிப் பெட்டிக்கெல்லாம் போன முள்ளு," என்றான் ரேடியோ. அது அன்றைய கடைசி டீ.

ஒரு நிமிடம் கழித்து சல்லடை முள்ளைத் துடைத்து டிராயிங் மாஸ்டரிடம் கொடுத்தார். "மாஸ்டர், தினம் எப்படி எடுப்பீங்களோ அதே மாதிரி, அதே வேகத்துல எடுங்க. ஒண்ணாம் நம்பர்லேர்ந்து."

மாஸ்டர் முதல் பெட்டியைத் திறந்தார். நீட்டினார். எடுத்தார். "ஐம்பத்தொண்ணு." இரண்டாம் பெட்டி. "நாப்பத்தொன்பது." மூன்றாம் பெட்டி. "நாப்பத்தேழு." பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றார். "இதை எழுதட்டுங்களா?"

அதிகாரி பெட்டிகளைப் பார்த்தார். டீயைப் பார்த்தார். அவருடைய மீசைக்கடியில் ஒரு சிரிப்பு நெளிந்தது.

"தெர்மாமீட்டர் நாள் முழுக்கக் குடியிருக்கிறது முதல் பெட்டியில," என்றார் சல்லடை. "அந்தப் பெட்டி நல்ல பெட்டி, நாலு டிகிரி. மத்த ரெண்டுக்கும் அது சும்மா தலையைக் காட்டிட்டு வருது. இவங்க எழுதின நாலு எல்லாமே நிஜமான நாலுதான் சார். ஆனா மூணு தடவையும் முதல் பெட்டியோட நாலு."

"அண்ணன் வாயில தெர்மாமீட்டரை வெச்சுட்டுத் தம்பிக்குக் காய்ச்சல் இல்லைன்னு எழுதியிருக்காங்க," என்றான் ரேடியோ. டீ போன துக்கத்திலும் அவனால் இதை விட முடியவில்லை.

அதிகாரி பெட்டிக் கதவில் இருந்த நோட்டீசைப் படித்தார். பிறகு மூன்றாம் பெட்டிக்குள் மிச்சமிருந்ததைப் பார்த்தார். தண்ணீர் பாட்டில், சோடா, டப்பா அன்னாசி. முதல் பெட்டியைத் திறந்தார். மேல்தட்டில் பால், சீஸ். இரண்டாம் பெட்டியின் அடித்தட்டில், எதன் மேலும் சொட்டாதபடி தட்டம் வைத்து, கோழி.

"இந்தச் சரக்கை மாத்தினது யாரு?"

தலைவர் டிராயிங் மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் தலைவரைப் பார்த்தார்.

"பொய்ப் பதிவேடுன்னா ஷட்டருக்கு சீல். முட்டாள்தனத்துக்கு சீல் கிடையாது, பாடம்தான்." சுருளிலிருந்து ஒரே ஒரு துண்டைக் கிழித்து மூன்றாம் பெட்டியின் கதவில் மட்டும் ஒட்டினார். "இது ரிப்பேர் ஆகாம திறக்கக்கூடாது. பெட்டிக்கு ஒரு தெர்மாமீட்டர், அது அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கணும். முறைக்காரங்க எல்லாருக்கும் ஒரு வாரத்துல பயிற்சி. மேனேஜர்தான் எடுக்கணும், முதலாளிங்க கையைக் கட்டிக்கிட்டுக் கேட்கணும். சான்றிதழ் ஆணியிலயே இருக்கட்டும்."

மேனேஜர் சட்டத்தை விட்டாள். அது கோணலாகத் தொங்கியது. நேராக்கக் கை வரவில்லை.

வாசலில் அதிகாரி திரும்பினார். "அந்தப் பத்து டிகிரி பெட்டியில பாலும் கோழியும் இருந்திருந்தா நான் வேற மாதிரி ஒட்டிட்டுப் போயிருப்பேன். கடுதாசி எழுதினவங்களுக்கு ஒரு நன்றி சொல்லுங்க தலைவரே. பேர் எனக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்."

அவர் போனதும் தலைவர் மூச்சு விட்டார். மூச்சோடு சேர்ந்து பழைய கோபமும் வெளியே வந்தது.

"நன்றி வேற, துரோகம் வேற. யாரும்மா அது? உங்க கண்ணாடி மேலே ஏறினதை நானும் பார்த்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும். ஆனா சொல்லமாட்டேன்," என்றார் சல்லடை, துணிப்பையைத் தோளில் மாட்டியபடி.

"நான் கேட்டதே அதைத்தானே?"

"நீங்க கண்டுபிடிக்கத்தான் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு."

"அப்ப டிராயிங் மாஸ்டர்தான்." தலைவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார். மேஜை மேலிருந்த உறுப்பினர் பதிவேட்டைத் தடதடவென்று புரட்டினார்.

"என்னை அடிங்க தலைவரே, தாராளமா அடிங்க," என்றார் டிராயிங் மாஸ்டர். "ஆனா காலைல ஏழு பத்துக்கு நான் படுக்கையில புரண்டுகிட்டு இருப்பேன். என் சம்சாரத்தைக் கேளுங்க, அதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவா."

பேனாவின் மூடி கழன்றது. முனை அவர் பெயரைத் தேடிக் கீழே இறங்கியது.

"அவரை விடுங்க மாமா."

மேனேஜர் பில் மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் எழுதினேன்."

ரேடியோ சல்லடையைப் பார்த்தான். சல்லடை முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"அண்ணி, எப்போ தெரியும்?"

"கடுதாசியைப் படிச்சப்பவே பாதி. நாள், நேரம், டிகிரி, என்ன பண்ணினோம். கோபத்துல புகார் எழுதுறவங்க யாராவது நாலு கட்டம் போட்டு எழுதுவாங்களா? இது தினம் பதிவேட்டோட குடித்தனம் பண்ற கை. சாவி தலைவர் வீட்டுல. தலைவர் வயிறு திங்கட்கிழமை சரியாச்சு, செவ்வாய்க்கிழமை காலையில முதல் அளவு. வீட்டுல ஒருத்தர் படுத்ததும், எந்த சீஸ், எந்தப் பெட்டின்னு யோசிச்ச ஆள்." சல்லடை மேனேஜரைப் பார்த்தார். "நீங்களா சொல்லணும்னு இருந்தேன்மா. அதான் வாயைத் திறக்கலை."

தலைவருக்கு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சிவப்புப் பேனா பதிவேட்டின் மேல் அந்தரத்தில் நின்றது.

"நீயா? சொந்தக் கடை மேல? அதுவும் உன் சான்றிதழே போயிருக்குமே."

"போகட்டும்னுதான் எழுதினேன். வெளியேயிருந்து ஒருத்தர் வந்து சொன்னாத்தான் இங்க நடக்கும்."

"வீட்டுலயே இருக்கேன். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் மாமா. சாப்பிடும்போது சொன்னேன், சோத்துத் தட்டு முன்னாடி கடைப் பேச்சு வேணாம்னீங்க. கடையில சொன்னேன், கமிட்டியில வைன்னீங்க. கமிட்டியில வெச்சேன், பெட்டி மாத்தணும்னா பொதுக்குழுதான் முடிவு பண்ணணும்னீங்க. பொதுக்குழுவுக்குத் தீர்மானமும் எழுதிக் கொடுத்தேன்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?" தலைவரின் குரல் இறங்கியது. "புதுப் பெட்டியா, வாசலுக்கு நான் கேட்ட புது விளக்குப் பேர்ப்பலகையான்னு ரெண்டு தீர்மானம் வந்துச்சு. ஓட்டுக்கு விட்டேன். முப்பத்தினாலுக்கு முப்பத்தஞ்சு. பலகை ஜெயிச்சுது. ஒரே ஒரு ஓட்டு. ஜனநாயகம்."

டிராயிங் மாஸ்டர் குடைக்கம்பியைத் தட்டினார். "அந்த ஒரு ஓட்டு யாருதுன்னு நானும் மூணு மாசமா தேடறேன். நான் முன்வரிசை, பின்னாடி தூக்கின கைங்க தெரியலை. பெட்டிக்குத்தான் போடறேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணின முப்பத்தஞ்சு பேர்ல ஒருத்தர் கடைசி நேரத்துல பல்டி அடிச்சாங்க."

மேனேஜர் தலைவரிடமிருந்து சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டாள். பதிவேட்டில் தன் பெயர் இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"அடிக்கிறதுன்னா கடுதாசிக்காக அடிக்காதீங்க மாமா. அன்னிக்கு நீங்க மேடையில நின்னு, பலகைக்குக் கை தூக்குறவங்கன்னு கேட்டீங்க. கேட்டுட்டு வேற யாரையும் பார்க்கலை, என்னைத்தான் பார்த்தீங்க. மாமனாரு அத்தனை பேர் முன்னாடி தோத்துடக் கூடாதேன்னு இருந்துச்சு."

அவள் வலது கையை உயர்த்திக் காட்டினாள்.

"முப்பத்தஞ்சாவது கை என்னுது."